ஒட்டுத்தோலும் ஒளிக்கதிரும்



இந்த இதழின் பாடத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். தீக்காயத்துக்குப் பின் ஒட்டவைக்கப்பட்ட தோல் கறுத்துப்போவதும், அதற்கு லேசர் ஒளியினால் செய்யப்படும் சிகிச்சையுமே அந்தப் பொருள். ஆஸ்பத்திரியின் தேவைகளை எடுத்துச் சொல்ல நாங்கள் சபைகளுக்குப் போகும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது: "ஐயா, உயிரைக் காப்பாற்றக் காணிக்கை கொடுக்கிறோம், சரி. நிறத்துக்காகவும் கொடுக்க வேண்டுமா? அது பியூட்டி பார்லர் வேலை அல்லவா?"

நியாயமான கேள்விதான். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து அனுப்புகிறவர்களும், வீட்டு வேலை செய்து சேர்த்ததில் ஒரு பங்கைக் கொடுக்கிறவர்களும் நமது ஆதரவாளர்களில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட காணிக்கை எதற்குச் செலவாகலாம், எதற்குச் செலவாகக் கூடாது என்பதற்கு நாங்கள் உத்தரவு சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆகவே மருத்துவம் சொல்வதையும் வேதம் சொல்வதையும் சேர்த்து வைத்துப் படிப்போம். தொடங்குமுன் லேவியராகமம் 13:24-28, உன்னதப்பாட்டு 1:5-6, மாற்கு 1:40-44, யோவான் 20:24-28 ஆகிய பகுதிகளை உங்கள் வேதாகமத்தில் நிதானமாய் வாசித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. நம்முடைய வாசலில் இருக்கும் காயம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் தொழிற்சாலைகளின் வட்டாரம். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையும் வந்த பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இங்கே குடியேறின. வெல்டிங், வார்ப்படம், முலாம் பூசுதல், கொதிகலன், மின்சாரம் என்று நெருப்போடும் அமிலத்தோடும் புழங்கும் வேலைகள் ஏராளம். வீடுகளிலோ, கசியும் கேஸ் குழாய், சரிந்துபோகும் கஞ்சிப் பானை, குழந்தையின் கைக்கு எட்டும் வெந்நீர் வாளி, தீபாவளிப் பட்டாசு. காரணம் எதுவானாலும் காயத்தின் வழி ஒன்றுதான். கடுமையான தீக்காயம் பட்டவர்களைப் பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். அங்குள்ள தீக்காயப் பிரிவு இந்த வட்டாரத்துக்கு மட்டுமல்ல, வெளி மாவட்டங்களுக்கும் அடைக்கலமாயிருந்து வருகிறது.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 லட்சம் பேர் தீக்காயம் அடைகிறார்கள் என்று மத்திய அரசின் தீக்காயத் தடுப்புத் திட்டம் மதிப்பிடுகிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில் பிடித்த தீயில் 94 பிள்ளைகள் மாண்டதை நமது தலைமுறை மறக்க முடியாது. மாண்டவர்களுக்காகக் கண்ணீர் விட்டோம். அதே நெருப்பில் வெந்து பிழைத்த பிள்ளைகளும் உண்டு. பிழைத்தவர்களுக்குச் செய்தி ஓய்ந்த பிறகுதான் நீண்ட பயணம் தொடங்குகிறது. நமது பாடம் அந்தப் பயணத்தின் கடைசி மைல்களைப் பற்றியது.

2. ஒட்டுத்தோல் எப்படிப் பிடிக்கிறது?

ஆழமாய் வெந்த இடத்தில் தோல் தானாக வளர்ந்து மூடாது. வளர்ந்தாலும் சுருங்கி, கழுத்தை மார்போடும், விரலை உள்ளங்கையோடும் இழுத்துப் பிடித்துவிடும். ஆகையால் அறுவை மருத்துவர் வெந்த பாகத்தைச் சுத்தம் செய்து, அதே நபரின் தொடையிலிருந்தோ வேறு மறைவான இடத்திலிருந்தோ மெல்லிய தோலைச் சீவி எடுத்து அங்கே வைக்கிறார். 1869-ல் பாரிஸ் நகரில் ரெவெர்டின் என்ற மருத்துவர் சின்னஞ்சிறு தோல் துணுக்குகளைப் புண்ணின்மேல் வைத்துப் பார்த்தார். 1874-ல் ஜெர்மனியின் தீர்ஷ் அகலமான மெல்லிய தோலை எடுத்து ஒட்டும் முறையை விளக்கினார். இன்றைய முறை அவற்றின் வழியில் வந்ததே.

பகுதித் தோல் ஒட்டு என்று மருத்துவர்கள் சொல்லுகிற இந்தத் தோல் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனங்கூட இராது. எடுத்து வைத்த முதல் இரண்டு நாட்களில் அதற்குச் சொந்த இரத்த ஓட்டம் இல்லை. கீழேயுள்ள புண்ணிலிருந்து கசியும் நீரை உறிஞ்சியே உயிரோடிருக்கிறது. அதன் பிறகு கீழிருந்து வரும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஒட்டுத்தோலின் குழாய்களோடு இணைகின்றன. ஒரு வாரத்துக்குள் ஓட்டம் நிலைப்படுகிறது. இந்த நாட்களில் தோல் சற்று நகர்ந்தாலும், அடியில் இரத்தம் கட்டினாலும், கிருமி புகுந்தாலும் ஒட்டு பிடிக்காது. அதனால்தான் கட்டை அவிழ்த்துப் பார்க்கும் அந்த நாளுக்கு முந்தின இரவில் வார்டில் அதிக ஜெபம் நடக்கிறது.

பிடித்துக்கொண்ட தோலிலும் குறைகள் உண்டு. மெல்லிய ஒட்டில் எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே அது வறண்டு, வெடித்து, அரிக்கும். தேங்காய் எண்ணெயோ மருத்துவர் சொல்லும் களிம்போ தினமும் தேவை. பல மாதங்கள் இறுக்கமான அழுத்த உடை அணியவேண்டும். நம் ஊர் வெயிலில் அதை இரவும் பகலும் போட்டிருப்பது ஒரு பொறுமையின் பள்ளிக்கூடம்.

3. ஏன் கறுக்கிறது?

நமது தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அதை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை எவ்வளவு நிறமியை உண்டாக்குகின்றன, அதை எப்படிப் பரப்புகின்றன என்பதில்தான் வேறுபாடு. சிருஷ்டிகர் ஒரே கருவியைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார் என்பதை இந்த இடத்தில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

ஒட்டுத்தோல் கறுப்பதற்கு மூன்று காரணங்களை முக்கியமாகச் சொல்லலாம். முதலாவது, அது பிறந்த இடத்தின் குணத்தை விடுவதில்லை. தொடைத் தோல் கன்னத்துக்கு வந்தாலும் தொடைத் தோலாகவே நடந்துகொள்ளும். எனவேதான் முகத்தில் சிறிய இடம் என்றால் காதின் பின்புறத்திலிருந்தோ காறை எலும்பின் மேலிருந்தோ முழுக் கனத் தோலை எடுக்க மருத்துவர்கள் விரும்புகிறார்கள். அந்தத் தோலின் நிறம் முகத்தோடு ஓரளவு ஒத்துப்போகும். ஆனால் பெரிய தீக்காயத்துக்கு அவ்வளவு தோல் அங்கே கிடைக்காது. இரண்டாவது, காயமும் அழற்சியும் நிறமி அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கறுப்பு நிறத்தாருக்கும் இது கூடுதலாக நடக்கிறது. கொசுக்கடி ஆறின இடங்கூட நமக்குக் கறுத்துப்போகிறதல்லவா? மூன்றாவது, வெயில். புது ஒட்டின்மேல் படும் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் நிறமியைப் பெருக்குகின்றன. வெல்டிங் பொறியின் வெளிச்சத்திலும் இதே புற ஊதாக் கதிர் உண்டு என்பதைத் தொழிற்பேட்டைச் சகோதரர்கள் கவனிக்கவேண்டும்.

ஆக, வைத்தியம் வெற்றியடைந்து, கழுத்து திரும்பி, வாய் திறந்து சாப்பிட முடிகிற நிலை வந்த பிறகும், நெற்றியிலோ கன்னத்திலோ ஓரம் வெட்டி ஒட்டினதுபோல ஒரு கறுத்த சதுரம் தங்கிவிடுகிறது.

4. ஆசாரியன் பார்க்கவேண்டும்

இப்போது லேவியராகமத்துக்கு வருவோம். 13-ஆம் அதிகாரத்தை வாசிக்கும் பலர் அதைக் குஷ்டரோகச் சட்டம் என்று சொல்லித் தாண்டிப்போகிறார்கள். அதன் நடுவே நெருப்புப் பட்டு வெந்த தோலைப் பற்றி ஐந்து வசனங்கள் இருப்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

அங்கே சொல்லப்படும் முறையைப் பாருங்கள். ஒருவனுக்குத் தீப்பட்ட இடத்தில் நிறம் மாறியிருக்கிறது. ஜனங்கள் அவனைப் பார்த்து ஒதுங்குகிறார்கள். ஆசாரியன் வதந்தியைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தானே கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். சந்தேகம் இருந்தால் ஏழு நாள் பொறுத்து மறுபடியும் பார்க்கவேண்டும். நிற மாற்றம் பரவாமல் அந்த இடத்திலேயே மங்கி நின்றுவிட்டால், இது நெருப்பினால் உண்டான தழும்பு மாத்திரமே என்று அறிந்து, அந்த மனிதனைச் சுத்தமுள்ளவன் என்று எல்லோர் முன்னும் அறிவிக்கவேண்டும்.

இந்த முறையில் மூன்று காரியங்கள் நமக்குப் போதனையாயிருக்கின்றன. முதலாவது, தழும்பைக் கிட்டப்போய்ப் பார்க்கிறவர் ஒருவர் வேண்டும். தீக்காயம் பட்டவர்கள் எங்களிடம் அடிக்கடி சொல்லும் துக்கம், ஜனங்கள் ஒன்று முறைத்துப் பார்க்கிறார்கள், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதே. இரண்டுமே பார்ப்பது அல்ல. இரண்டாவது, பொறுமை வேண்டும். ஒரே நாளில் தீர்ப்பு இல்லை. மூன்றாவது, தீர்ப்பு வாய்திறந்து சொல்லப்படவேண்டும். "இது தழும்புதான், இவர் சுத்தமானவர்" என்று சமூகத்துக்குக் கேட்கும்படி யாராவது சொல்லவேண்டும். தழும்பு அங்கேயே இருக்கையில்தான் அவன் சுத்தன் என்று அறிவிக்கப்பட்டான் என்பதைக் கவனியுங்கள். தழும்பு மறையவேண்டும் என்று நியாயப்பிரமாணம் நிபந்தனை போடவில்லை.

5. ஒளி செய்யும் வேலை

லேசர் என்பது ஒரே நிறமுள்ள, சிதறாமல் ஒரே முகமாய்ப் பாயும் ஒளி. 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் ரூபிக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1964-ல் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிர மாநிலத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் என்பதும் நாம் அறியத்தக்கது.

தோலைச் சுடாமல் நிறமியை மட்டும் தாக்குவது எப்படி? 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு ஒரு விதியை வகுத்துக் கொடுத்தார்கள். கறுப்புச் சட்டை வெயிலில் அதிகமாய்ச் சுடுவதும் வெள்ளைச் சட்டை அவ்வளவு சுடாததும் நமக்குத் தெரியும். அதுபோலவே, நிறமி விழுங்குகிற ஒளியைத் தெரிந்தெடுத்து, அந்த வெப்பம் பக்கத்திலுள்ள தசைக்குப் பரவ நேரமில்லாதபடி மிக மிகக் குறுகிய நேரத்துக்கு அனுப்பினால், நிறமி மட்டும் சிதறும். சுற்றியுள்ள தோல் பெரும்பாலும் தப்பும். இதற்குப் பயன்படும் லேசர்களின் துடிப்பு நானோ விநாடிக் கணக்கு. நானோ விநாடி என்பது ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. பிற்காலத்தில் வந்த பிக்கோ விநாடி லேசர்கள் அதனினும் குறுகியவை. சிதறிய நிறமித் துகள்களைச் சரீரத்தின் துப்புரவு அணுக்கள் வாரங்கள், மாதங்கள் எடுத்து அப்புறப்படுத்துகின்றன. ஒளி உடைக்கிறது, அள்ளிக்கொண்டு போவது கர்த்தர் சரீரத்தில் வைத்த ஒழுங்கு.

நம் நாட்டுத் தோலுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. நமது தோலின் மேற்பரப்பிலேயே மெலனின் நிறைந்திருப்பதால், குறுகிய அலைநீள லேசர் நல்ல தோலையும் சுட்டுவிடக்கூடும். ஆகையால் நியோடிமியம் யாக் என்னும் லேசரின் 1064 நானோமீட்டர் அலைநீளம் நம்மவர்களுக்கு ஒப்பளவில் பாதுகாப்பானது என்று தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். மேல்தோலின் மெலனின் அதைக் குறைவாக விழுங்குகிறது. ஒளி ஆழமாகவும் போகிறது. ஒட்டுத்தோல் கறுத்திருப்பதோடு கெட்டியாகி, மேடுபள்ளமாய் இழுத்துக்கொண்டும் இருந்தால், கார்பன் டை ஆக்சைடு லேசரைப் புள்ளி புள்ளியாய்ச் செலுத்தித் தோலை இளகச் செய்யும் முறையும் உண்டு. எது யாருக்கு என்று தீர்மானிக்கவேண்டியவர் தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ மட்டுமே. அழகு நிலையத்தில் லேசர் இருக்கிறது என்பதற்காக ஒட்டுத்தோலை அங்கே கொடுத்துவிடக் கூடாது.

6. உள்ளதை உள்ளபடி

ஊழியத்தின் பெயரில் மிகைப்படுத்திச் சொல்லுவது பொய்யே. ஆகவே லேசரின் எல்லைகளையும் சொல்லிவிடுகிறோம்.

ஒட்டுத்தோல் முதிர்ந்து அடங்கும்வரை மருத்துவர்கள் காத்திருப்பார்கள். பல சமயம் அது ஒரு வருடம்வரை ஆகும். அதற்குள் சில ஒட்டுகளின் கறுப்பு வெயில் படாமல் காத்தாலே ஓரளவு மங்கிவிடும். சிகிச்சை தொடங்கினால் முதலில் ஒரு மூலையில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்து, சில வாரங்கள் பொறுத்துத்தான் மற்ற இடத்தைத் தொடுவார்கள். பின்பு வாரக்கணக்கான இடைவெளி விட்டுப் பல தடவை போய்வர வேண்டும். முடிவில் கறுப்பு குறையலாம். அடியோடு மறையும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. சிலருக்குச் சிகிச்சையாலேயே தற்காலிகமாக இன்னும் கறுக்கும். சிலருக்கு வெளுத்த புள்ளிகள் விழும். வெயிலில் காக்காவிட்டால் போன கறுப்பு திரும்பி வரும். பெரிய ஒட்டுகளில் லேசரைவிட வேறு அறுவை முறைகள் பொருத்தமாகவும் இருக்கலாம்.

எனவே லேசர் முதற்படி அல்ல, கடைசிப் படி. அதற்கு முன் குடை, முந்தானை, தொப்பி, மருத்துவர் சொல்லும் வெயில் தடுப்புக் களிம்பு ஆகியவை. காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணிவரை வெயிலைத் தவிர்ப்பது. வெல்டிங் செய்கிறவருக்கு முகக் கவசமும் கையுறையும். இன்னொரு எச்சரிப்பும் தேவை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசும் சிவப்பழகுக் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது முதலில் வெளுப்பாக்கி, பிறகு தோலை மெலிவாக்கி, முன்னிலும் மோசமாகக் கறுக்கவைக்கும். ஏற்கெனவே மெலிந்த ஒட்டுத்தோலுக்கு அது விஷம்போன்றது.

7. இது அழகு வேலையா?

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறோம். அதற்கு நமது மிஷனெரி மருத்துவச் சரித்திரமே ஒரு பதிலை வைத்திருக்கிறது.

1914-ல் கொல்லிமலையில் மிஷனெரி பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகத்தால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிரச் செய்தார். அதிசயமான வேலை! ஆனால் கை நிமிர்ந்தவர்களில் சிலர் துக்கத்தோடு திரும்பி வந்தார்கள். கை நன்றாக இருப்பதால் பிச்சை கிடைக்கவில்லை. முகத்தில் நோயின் அடையாளம் இருப்பதால் வேலையும் கிடைக்கவில்லை. புருவம் உதிர்ந்திருப்பதும் மூக்கு அமிழ்ந்திருப்பதும் "இவன் குஷ்டரோகி" என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன. அப்போது டாக்டர் பிராண்டும் அவருடைய தோழர்களும் தலைத் தோலிலிருந்து முடியோடு ஒரு பட்டையை எடுத்துப் புருவமாக வைத்தார்கள், மூக்கைத் திருத்தினார்கள். தொழில் கற்றுக்கொடுக்க நவஜீவ நிலையத்தையும் ஏற்படுத்தினார்கள்.

புருவம் இல்லாமல் ஒருவன் உயிர்வாழ முடியும். புருவம் அழகுக்கானது என்று சொல்லி அந்தச் செலவை மறுத்திருக்கலாம். ஆனால் அந்த மனிதனுக்குப் புருவம் என்பது வேலைக்குள் நுழையும் சீட்டு. ஆண்டவரும் குஷ்டரோகியைத் தொட்டுக் குணமாக்கினபின் அத்தோடு அனுப்பிவிடவில்லை. ஆசாரியனிடத்தில் போய்க் காண்பிக்கச் சொன்னார். ஏன்? சரீரம் குணமானாலும், ஊர் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் குணம் பாதியிலே நின்றுவிடும். தொடுதல் முதலில்; சமூகத்தில் சேர்த்தல் பின்பு. இரண்டும் சேர்ந்ததே ஆண்டவர் காட்டின சுகம்.

அடையாளம் தெரியாதபடி சொல்லவேண்டுமானால், நாங்கள் பார்த்த ஒரு சிறு பிள்ளையின் தாய் எங்களிடம் இப்படிச் சொன்னார்: "ஐயா, பிள்ளை பிழைச்சதே கர்த்தருடைய கிருபை. ஆனா வகுப்புல பக்கத்துல உட்கார மாட்டேங்குறாங்க. ஒட்டிக்குமாம்." தீக்காயத் தழும்பு தொற்றாது என்று அந்தப் பள்ளியில் போய்ச் சொன்னது முதல் மருந்து; அதற்கு ஒரு காசும் செலவில்லை. லேசரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகே வந்தது. அந்த வரிசை எங்களுக்கு முக்கியம்.

தேசத்தின் சட்டமும் இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. 2013-ல் உச்சநீதிமன்றம் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்து, அமிலத் தாக்குதலுக்கு உள்ளானவர்களுக்கு நஷ்டஈடு வழங்க உத்தரவிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர்களையும் மாற்றுத்திறனாளிகளாக ஏற்றுக்கொண்டது. முகத்தின் சேதம் ஒருவரின் வாழ்வு வழியையே அடைத்துவிடும் என்பதை நாட்டின் சட்டம் கண்டிருக்க, சபை காணாதிருக்கலாமா?

8. நிறம் குற்றமல்ல

ஆனாலும் இந்த இடத்தில் ஒரு வலை இருக்கிறது. கறுப்பை நீக்கச் சிகிச்சை என்று சொன்னவுடனே, கறுப்பே குறை என்று எண்ணிவிடுகிறோம். நமது திருமண விளம்பரங்களைப் பாருங்கள். விசுவாசக் குடும்பங்களின் விளம்பரங்களிலும் "சிவந்த நிறம்" என்ற வார்த்தை வந்துவிடுகிறது. உன்னதப்பாட்டின் பெண்ணோ, தான் கறுப்பானவள், அழகானவள் என்று ஒரே மூச்சில் சொல்லுகிறாள். வெயிலில் திராட்சத்தோட்டம் காத்ததால் கறுத்தேன் என்று காரணம் சொல்லுகிறாளே தவிர, வெட்கப்படவில்லை. ஆவடியின் ரோட்டோரக் கடையிலும் அம்பத்தூரின் ஆலை வாசலிலும் வெயிலில் உழைத்துக் கறுக்கும் நம் சகோதரிகளின் குரல் அது.

ஒட்டுத்தோல் சிகிச்சை ஒருவரைச் சிவப்பாக்குவதற்கல்ல. ஒட்டின இடம் அவருடைய சொந்த நிறத்தோடு சேர்ந்துபோவதற்கே. தேவன் கொடுத்த நிறம் அவருடைய இயல்பு. நெருப்பு கொடுத்த கறை நெருப்புடையது. இந்த வேறுபாட்டை மறந்தால் நமது காணிக்கை ஊரின் பொய்க்கு எண்ணெய் ஊற்றுவதாகும்.

9. தழும்போடு எழுந்தவர்

கடைசியாக யோவான் 20. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கதவு பூட்டியிருக்கையில் உள்ளே வந்தார். அவ்வளவு மகிமையான சரீரம். ஆனால் ஆணிகளின் அடையாளமும் விலாவின் காயமும் அந்தச் சரீரத்தில் இருந்தன. அவர் அவற்றை மறைக்கவில்லை, தோமாவுக்குக் காண்பித்தார். சென்னைக்கு மேற்கே வாழும் நமக்குத் தோமாவின் பெயர் பரங்கிமலையோடு சேர்ந்து நினைவில் நிற்கிறது. அவர் விசுவாசத்துக்கு வந்தது தழும்புகளைக் கண்டபோதே.

ஆகவே தழும்பு அவமானம் அல்ல. தீக்காயத்திலிருந்து எழும்பினவர்களில் சிலர் "இது இருக்கட்டும் ஐயா, கை வேலை செய்தால் போதும்" என்கிறார்கள். அவர்களை லேசருக்குப் போகும்படி நாங்கள் வற்புறுத்துவதில்லை. சிலர் கண்ணாடியைத் துணியால் மூடிவைத்து வாழ்கிறார்கள். அவர்களை "உள்ளான அழகுதான் முக்கியம்" என்ற ஒரு வார்த்தையால் அனுப்பிவிடுவதும் இல்லை. தன் தழும்பைக் குறித்துத் தீர்மானிக்கும் உரிமை அதைச் சுமக்கிறவருக்கே உண்டு. அந்த உரிமையைப் பணக்காரருக்கு மட்டும் வைத்துவிடாமல் ஏழைக்கும் கொடுப்பதே உங்கள் காணிக்கை செய்யும் வேலை.

10. எங்கள் ஒழுங்கும் உங்கள் பங்கும்

எனவே உங்கள் காணிக்கையை நாங்கள் இந்த வரிசையில் செலவிடுகிறோம். உயிர் காத்தல் முதலாவது. கண் இமை மூடவும், வாய் திறக்கவும், கழுத்தும் கையும் அசையவும் செய்யும் அறுவை இரண்டாவது. உடற்பயிற்சி, அழுத்த உடை, களிம்பு மூன்றாவது. இவை முடிந்து, மருத்துவர் தகுதி என்று சொல்லி, நோயாளியும் விரும்பி, தழும்பு அவருடைய படிப்பையோ பிழைப்பையோ தடுக்கிறது என்று கண்டால் மட்டுமே லேசருக்கு உதவி செய்கிறோம். தொழிற்சாலையில் இ.எஸ்.ஐ. உள்ளவர்களை முதலில் அந்த வழியில் கேட்கச் சொல்லுகிறோம். நிறத்துக்காக ஒரு ரூபாய் போகுமுன் கண் இமைக்காக அந்த ரூபாய் தேவைப்பட்டால் இமைக்கே போகும்.

பணம் அனுப்ப இயலாதவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. தீப்பட்டவுடனே பற்பசை, மை, மஞ்சள் எதையும் பூசாமல், இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டவேண்டும் என்பதை உங்கள் ஓய்வுநாள் பள்ளியில் கற்றுக்கொடுங்கள். காயத்தின் ஆழம் குறைந்தால் பிறகு ஒட்டும் குறையும். தழும்புள்ள ஒருவர் ஆலயத்துக்கு வந்தால் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். "எப்படி நடந்தது?" என்பதை அவர் சொல்லும் நாளில் கேட்டுக்கொள்ளலாம். பாடகர் குழுவிலும் வரவேற்பு வரிசையிலும் அவருக்கு இடம் கொடுங்கள். இவர் சுத்தமானவர் என்று ஊருக்கு அறிவிக்கும் ஆசாரிய வேலை இன்று சபை முழுவதற்கும் உரியது.

குடும்ப ஜெபத்திலும் வாலிபர் கூட்டத்திலும் சிந்திக்க:

அ. நமது வீட்டில் நிறத்தைப் பற்றிப் பேசும் வார்த்தைகளில் எவை ஒரு பிள்ளையின் மனதைச் சுடுகின்றன?

ஆ. ஆசாரியன் கிட்டப்போய்ப் பார்த்ததற்கும் நாம் பேருந்தில் முறைத்துப் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம்?

இ. உயிர் காக்கும் செலவுக்கும் சமூகத்தில் சேர்க்கும் செலவுக்கும் நடுவே நீங்கள் எப்படிப் பங்கிடுவீர்கள்?

ஜெபக் குறிப்புகள்: கீழ்ப்பாக்கத்திலும் மற்ற அரசு மருத்துவமனைகளிலும் தீக்காய வார்டுகளில் இரவும் பகலும் உழைக்கும் மருத்துவர்கள், சிஸ்டர்மார், கட்டுப் போடும் ஊழியர்களுக்காக. ஒட்டு பிடிக்கவேண்டுமே என்று காத்திருப்பவர்களுக்காக. பிழைத்தபின் வீட்டை விட்டு வெளியே வர அஞ்சுகிறவர்களுக்காக. அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் தைரியம் நமது சபைகளுக்கு உண்டாவதற்காக.

கர்த்தர் உங்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.

ஊழியத்தில் உங்கள் உடன் பங்காளர்கள்,
மருத்துவமனைப் போதகர் ஊழியத்தார்